எழுதாமல் விட்ட கட்டுரை

பழைய மாணவியர், பன்னிரண்டாம் வகுப்பு, கணினிப் பிரிவு, 2008-2009

நம் பள்ளியின் பழைய ஆண்டு மலர்களை யாரேனும் சேர்த்து வைத்திருந்தால் 2009ஆம் ஆண்டு மலரை எடுத்துப் பாருங்கள். அதில் 'கணினியின் பயன்கள்' என்றொரு கட்டுரை இருக்கும். 'இது கணினி யுகம்' என்று தொடங்கி, 'ஆகவே நாமும் கணினி கற்று நாட்டை உயர்த்துவோமாக' என்று முடியும். அதை எழுதியவர்கள் நாங்கள்தாம். ஆனால் எங்களை எழுதச் சொன்னது அதுவன்று. கணினிப் பாடம் நடத்திய சிஸ்டர் எங்களை அழைத்து, "பொங்கல் லீவில் ஒரு வேலை செய்தீர்களே, அதை ஒளிக்காமல் எழுதுங்கள் பிள்ளைகளா. அடுத்த வருஷம் வருகிறவர்களுக்கு உதவும்" என்றார்கள். 'ஒளிக்காமல்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சியே நாங்கள் பயன்களை அடுக்கி எழுதித் தப்பித்துக்கொண்டோம். இந்த ஆண்டு மலருக்குப் பழைய மாணவியரிடமும் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். பழைய கடனைத் தீர்க்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

அப்போது எங்கள் கணினி அறையில் 18 கணினிகள் இருந்தன. 2006ஆம் ஆண்டில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் முயற்சியால் வாங்கப்பட்டவை. எல்லாவற்றிலும் விண்டோஸ் எக்ஸ்பி. பாடத்தில் முதல் தொகுதி ஸ்டார் ஆபீஸ், இரண்டாம் தொகுதி சி++. செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் அறைக்குள் நுழைய வேண்டும். வைரஸ் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று ஆறாம் வகுப்புத் தங்கைகள் மெய்யாகவே நம்பினார்கள். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரிப்போம். சிரித்த நாங்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

2009 ஜனவரி முதல் வாரம். ஆண்டு விழா நடனத்துக்குப் பாட்டு வேண்டியிருந்தது. பஸ் நிலையத்தருகே இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் நான்கு பாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். மதிய இடைவேளையில், சிஸ்டர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஜன்னலோரக் கணினியில் அதைச் செருகினோம். திரையில் ஒரு பெட்டி தோன்றியது. 'ஓப்பன் போல்டர் டு வியூ பைல்ஸ்' என்று அதில் இரண்டு வரிகள் இருந்தன. இரண்டுக்கும் பக்கத்தில் அதே மஞ்சள் நிறக் கோப்புறைப் படம். மேலே இருந்ததைச் சொடுக்கினோம். பாட்டு கேட்டது, காலும் ஆடியது. ஒரே வரி எதற்காக இரண்டு முறை இருக்கிறது என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. மேலே இருந்த வரியை ஒட்டி, அது ஒரு ப்ரோகிராமை ஓட்டும் என்ற பொருள்பட ஆங்கிலத்தில் எழுதியிருந்ததையும் நாங்கள் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் எங்கள் மதிப்பெண் எல்லாம் எழுபதுக்கு மேல்!

வெள்ளிக்கிழமைக்குள் அறை நோயாளிக் கூடமாகிவிட்டது. ஏதோ ஒரு சேவை பழுதானது என்ற அறிவிப்பு ஒவ்வொரு திரையிலும் வரும். பிறகு வலையிணைப்பு அறுந்துபோகும். வைரஸ் எதிர்ப்புக் குழுமங்களின் தளங்களைத் தட்டினால் திறக்கவே திறக்காது. மைக்ரோசாப்ட் தளமும் அப்படியே. மற்ற தளங்களோ நன்றாகத் திறந்தன. மருந்துக் கடைக்குப் போகும் தெருவை மட்டும் யாரோ அடைத்து வைத்ததுபோல் இருந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் செய்முறைத் தேர்வு. புறத்தேர்வாளர் வந்து அமரும்போது கணினி ஓடவில்லை என்றால் எங்கள் நிலைமை என்னவாகும்?

சனிக்கிழமை பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். நான்கு கணினிகளைப் பார்மட் செய்து, பள்ளியிலிருந்த சிடியைப் போட்டு விண்டோஸை மறுபடியும் ஏற்றினார். அவற்றில் ஒன்றில் பத்தாம் வகுப்புத் தங்கைகள் மூன்று வாரமாகத் தட்டச்சு செய்திருந்த கண்காட்சிக் குறிப்புகள் இருந்தன. அவை போயின. அந்தப் பிள்ளைகள் அழுததை நாங்கள் பார்த்தோம். பார்த்துவிட்டும் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் பாட்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்ற ஐயம் அதற்குள் எங்களுக்கு வந்திருந்தது. ஐயம்தானே, உறுதியில்லையே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால், புதிதாக்கிய நான்கு கணினிகளுக்கும் அதே காய்ச்சல்! பழுது பார்ப்பவர் தலையைச் சொறிந்துகொண்டே, தம்மிடம் ஒரு சிடி இருப்பதாகவும், அதில் எல்லாத் திருத்தங்களும் சேர்ந்தே இருக்கின்றன என்றும், எண் எதுவும் கேட்காது, 100 ரூபாய்தான் என்றும் சொன்னார். எங்களுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. சிஸ்டர் மட்டும், "பதினெட்டுப் பெட்டியிலும் நாம் காசு கொடுத்து வாங்கின எண் ஒட்டியிருக்கிறதே ஐயா. அது இருக்க, அடுத்தவர் களவாடினது எதற்கு? மேலும் அந்தச் சிடிக்குள் யார் எதைச் சேர்த்தார்கள் என்று உங்களுக்காவது தெரியுமா?" என்று கேட்டார்கள். அவர் நல்ல மனிதர். தெரியாது என்று ஒப்புக்கொண்டு போய்விட்டார்.

எங்களில் ஒருத்தியின் அண்ணன் அப்போது பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். அவர்தாம் விஷயத்தை விளக்கினார். கான்பிக்கர் என்ற புழு 2008 நவம்பரில் உலகில் தலைகாட்டியதாம். விண்டோஸின் வலைச் சேவையில் இருந்த ஓர் ஓட்டை வழியாக, யாரும் எதையும் சொடுக்காமலேயே, அது ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். டிசம்பர் இறுதியில் வந்த அதன் இரண்டாம் வகை பென் டிரைவிலும் ஏறிக்கொள்ளக் கற்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2008 அக்டோபர் 23ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. புழு வருவதற்கு முன்பே கதவு தயார். அதைப் பொருத்தாத வீடுகளில்தான் திருடன் புகுந்தான்.

"உங்கள் பள்ளிச் சிடி எந்தக் காலத்தது?" என்று கேட்டார் அண்ணன். அதில் இருந்தது சர்வீஸ் பேக் 2. அது 2004 ஆகஸ்டில் வெளிவந்தது. ஆக, அந்தச் சிடியைப் போட்டு எத்தனை முறை புதிதாக்கினாலும் கணினி 2004ஆம் ஆண்டில்தான் கண் விழிக்கும். அதற்குப்பின் அடைக்கப்பட்ட ஓட்டைகள் எல்லாம் மறுபடியும் திறந்தே இருக்கும். விண்டோஸின் தடுப்புச் சுவர் ஓரளவு காப்பாற்றியிருக்கும். ஆனால் பதினெட்டுக் கணினிக்கும் ஒரே பிரிண்டர் என்பதால், பகிர்வுக்காக அந்தச் சுவரில் நாங்களே வழி விட்டிருந்தோம். திருத்தத்தை இணையத்திலிருந்து இறக்கிப் போடுவதற்குள் பக்கத்துக் கணினியின் புழு வந்து சேர்ந்துவிடும். வந்ததும் திருத்தம் இருக்கும் தளத்தையே அடைத்துவிடும். நான்கு கணினிகளுக்கும் நடந்தது இதுதான்.

"அப்படியென்றால் என்ன செய்வது அண்ணா?"

"கண் விழிக்கும் முன்பே தடுப்பூசி போட வேண்டும். சிடியையே புதுப்பிக்க வேண்டும்."

அதாவது, பள்ளிச் சிடியில் உள்ள கோப்புகள் அனைத்தையும் வன்தட்டில் ஒரு கோப்புறைக்குள் நகலெடுத்து, 2008 மே மாதம் வெளியான சர்வீஸ் பேக் 3-ஐயும், அதற்குப்பின் வந்த அந்த அக்டோபர் திருத்தத்தையும் அதனுள்ளேயே கலந்து, பிறகு அதைப் புதுச் சிடியாக எழுதுவது. அதிலிருந்து ஏற்றப்படும் விண்டோஸ் ஓட்டை அடைபட்ட நிலையிலேயே பிறக்கும். எண்ணும் நம்முடையது, மூலமும் நம்முடையது. இதைச் சொன்னதும் சிஸ்டர் அலமாரியைத் திறந்து பள்ளிச் சிடியை ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார்கள். கீறல் விழாமல் கொண்டுவர வேண்டும் என்று மூன்று முறை சொன்னார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. சர்வீஸ் பேக் 3 ஏறத்தாழ 316 எம்பி. எங்கள் பள்ளி இணைப்பின் வேகம் 256 கிலோபிட். ஒரு முறை இறக்கச் சுமார் 3 மணி நேரம். பதினெட்டுக் கணினியும் தனித்தனியே இறக்கினால் 54 மணி நேரம். அளவோ 5 ஜிபியைத் தாண்டும். மாதத்துக்கு 1 ஜிபிதான் எங்கள் திட்டத்தில் அனுமதி! ஆகவே ஒரே முறை, தோழியின் வீட்டில், இறக்குவதென்று முடிவாயிற்று. அங்கும் ஒரு நிபந்தனை. நள்ளிரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் இலவசம். மற்ற நேரத்தில் காசு. எனவே பொங்கலன்று விடியற்காலை 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்தாள் எங்கள் தோழி. 78 விழுக்காடு வந்தபோது மின்சாரம் போயிற்று. அந்த ஆண்டுகளில் மின்வெட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மாட்டுப் பொங்கலன்று மறுபடியும் 2 மணி. இந்த முறை ஐந்து மணிக்குள் முழுதும் இறங்கிவிட்டது. அவளுடைய அம்மா வாசல் தெளிக்க வந்தவர், மகள் பக்தியோடு அதிகாலையில் எழுந்து படிக்கிறாள் என்று எண்ணிக் காப்பி கொடுத்தாராம். அது பக்தியில்லை என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காணும் பொங்கல். நாங்கள் அனைவரும் அவள் வீட்டில் கூடினோம். அண்ணன் நாற்காலியில் உட்காரவில்லை. "நீங்களே செய்யுங்கள், நான் பார்க்கிறேன்" என்று சுவரில் சாய்ந்துகொண்டார். முதலில் இறக்கிய கோப்பு மெய்யானதா என்று பார்க்கச் சொன்னார். அதன்மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து, பண்புகளில் டிஜிட்டல் கையொப்பம் என்ற பகுதியைத் திறந்தால், ஒப்பமிட்டவர் பெயரும் அது செல்லுமா என்பதும் தெரியும். பள்ளிச் சிடியை 'பள்ளி' என்ற கோப்புறைக்குள் நகலெடுத்தோம். திருத்தம் சிறியது, சர்வீஸ் பேக் பெரியது. எளிதானதை முதலில் முடிப்போம் என்று திருத்தத்தைக் கலந்தோம். பத்து நொடியில் முடிந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து சர்வீஸ் பேக்கைக் கலக்கப் போனால், ஏற்கெனவே திருத்தங்கள் கலந்த இடத்தில் தன்னைக் கலக்க முடியாது என்று கறாராக மறுத்துவிட்டது! அடித்தளம் போடாமல் கூரை வேய்ந்தால் என்ன ஆகும்? அண்ணன் சிரித்தார். முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி நகலெடுத்து, முதலில் சர்வீஸ் பேக், பிறகு திருத்தம் என்ற வரிசையில் செய்தோம். கலப்பு வெற்றிகரமாக முடிந்தது என்ற வரி திரையில் வந்தபோது மணி பன்னிரண்டு.

சிடி எழுதினோம். அதைப் போட்டுக் கணினியைத் தொடங்கினால், சிடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோப்புகளை அப்படியே சிடியில் போட்டால் போதாதாம். கணினி தொடங்கும்போது முதன்முதலில் படிக்கும் ஒரு சிறு துண்டு, கோப்புகளின் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாமல், பழைய சிடியின் ஓரிடத்தில் இருக்கிறது. நகலெடுக்கும்போது அது கூட வருவதில்லை. என்லைட் என்ற இலவச மென்பொருள் அதையும் சேர்த்துச் சிடியின் முழு உருவத்தை ஆக்கித் தரும். அதன் துணையால் இரண்டாம் சிடி எழுதினோம். ஏதேனும் ஒரு விசையை அழுத்து என்று கேட்டு அது விழித்துக்கொண்டது. அப்பப்பா! எங்கள் கூச்சலில் பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார்.

இந்த மகிழ்ச்சி அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. என்லைட்டையும் பள்ளிக்குக் கொண்டுபோனால் உதவுமே என்று எங்கள் பென் டிரைவை நீட்டினோம். அண்ணன் அதைச் செருகிய மாத்திரத்தில் அவருடைய கணினி எச்சரிக்கை ஒலி எழுப்பியது. மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் செய்தார். நான்கு பாட்டுகளோடு, தானே ஓட வைக்கும் கோப்பு ஒன்றும், குப்பைத்தொட்டியின் பெயரைப் பூண்ட கோப்புறை ஒன்றும் இருந்தன. "இதை எங்கே செருகினீர்கள்?" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பென் டிரைவில் எதையும் கொண்டுபோகவில்லை. எழுதி முடித்த சிடியில் புழு ஏற முடியாது என்பதால் எல்லாவற்றையும் சிடியிலேயே எழுதிக்கொண்டோம்.

மறுநாள் 17ஆம் தேதி, சனிக்கிழமை. பள்ளி முழுவதும் வெறிச்சோடியிருந்தது. சிஸ்டர் கணினி அறையைத் திறந்து, சிடியைக் கையில் வாங்கி, விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வேலையை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று வழியெல்லாம் பேசி வைத்திருந்தோம். வேலை நன்றாக முடிந்தால் கோபம் குறையும் அல்லவா? ஆனால் சிஸ்டர், "நீங்கள் மட்டும் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன்!" என்று சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் தாங்க முடியவில்லை. பென் டிரைவை மேசைமேல் வைத்தோம். யார் தொடங்கினோம், யார் முடித்தோம் என்று நினைவில்லை. எல்லாவற்றையும் சொன்னோம். பத்தாம் வகுப்புத் தங்கைகள் அழுததைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் சொன்னோம்.

சிஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஓர் உறையை எடுத்துப் பென் டிரைவை அதில் போட்டு ஒட்டினார்கள். "திங்கட்கிழமை அந்தப் பிள்ளைகளிடம் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்புகளை மறுபடியும் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். இப்போது வயரைப் பிடுங்குங்கள்" என்றார்கள். அவ்வளவுதான்.

பதினெட்டுக் கணினியின் வலைக் கம்பிகளையும் கழற்றினோம். ஸ்டார் ஆபீஸ் கோப்புகளையும் சி++ நிரல்களையும் மட்டும் தேடிப்பிடித்துச் சிடிகளில் எழுதிக்கொண்டோம். இந்தப் பாடம் விலை கொடுத்துக் கற்றது. பிறகு முதல் கணினியில் புதுச் சிடியைப் போட்டோம். நீலத் திரை, பார்மட், பெட்டியில் ஒட்டியிருந்த 25 எழுத்து எண். அங்கங்கே மசி அழிந்திருந்தது. எட்டா, ஆங்கில பி-யா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். இன்னும் 39 நிமிடம் என்று எக்ஸ்பி சொல்லும். அது சொல்லும் நிமிடத்தை எந்தக் கடிகாரத்தோடும் ஒப்பிடக் கூடாது.

இன்னொன்றையும் அண்ணன் எச்சரித்திருந்தார். ஓட்டையை அடைத்தாலும், கடவுச்சொல் எளிதாக இருந்தால் புழு ஊகித்து நுழைந்துவிடும். அது தன்னோடு ஒரு பட்டியலையே சுமந்து திரிகிறது. எங்கள் அறையின் கடவுச்சொல் அதுவரை 12345. சிஸ்டர் புதிதாக ஒன்று வைத்தார்கள். இத்தனை ஆண்டுக்குப் பின்னும் அதை இங்கே எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

இனித்தான் சோதனை. நோயுற்ற கணினி ஒன்றை வேண்டுமென்றே விட்டு வைத்திருந்தோம். அதையும் புதிய கணினியையும் ஒரே வலையில் இணைத்தோம். புலியையும் கன்றையும் ஒரே தொழுவில் கட்டுவதுபோல் இருந்தது. சிஸ்டர் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஜெபமாலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். நாங்கள் மிச்சமிருந்த கரும்பைக் கடிக்கவும் மறந்து திரையையே பார்த்திருந்தோம். மணி நாலேகால் ஆயிற்று. நோயுற்ற கணினியில் மைக்ரோசாப்ட் தளத்தைத் தட்டினோம்; திறக்கவில்லை. புழு உயிரோடுதான் இருக்கிறது. புதியதில் தட்டினோம். எங்கள் இணைப்பின் வேகத்தைத்தான் சொன்னோமே! வெள்ளைத் திரை, வெள்ளைத் திரை, ஒரு நீலக் கோடு, பிறகு மெல்ல மெல்லப் பக்கம் முழுவதும் திறந்தது. "இதுதானா அது?" என்று கேட்டுச் சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்கள்.

சிடியை மேலும் இரண்டு நகல் எழுதி, ஞாயிறு மாலைக்குள் மற்ற 17 கணினிகளையும் முடித்தோம். ஆடியோ, வலை அட்டைகளுக்கான டிரைவர்களைத் தேடிப் பட்டபாடு தனிக்கதை, அது வேண்டாம். திங்கட்கிழமை பத்தாம் வகுப்புக்குப் போனோம். அவர்கள் முன்னே நின்று சொன்னது செய்முறைத் தேர்வைவிடக் கடினமாக இருந்தது. குறிப்புகளைத் தட்டச்சு செய்து முடிக்க நான்கு மாலைகள் பிடித்தன. பென் டிரைவ்களை வாசலில் வாங்கி வைக்க ஒரு பிஸ்கட் டின் வந்தது. செருப்புக்குப் பக்கத்தில் அதற்கும் ஓரிடம்.

விண்டோஸ் எக்ஸ்பிக்குத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதி நிறுத்திவிட்டது. இப்போதைய தங்கைகளுக்கு வேலை எளிது. விண்டோஸின் புதிய பதிப்புகளுக்குப் பெரும்பாலான திருத்தங்கள் சேர்ந்த கோப்பை மைக்ரோசாப்டே தருகிறது. நேரே யூஎஸ்பியில் ஏற்றிக்கொள்ளலாம். ஆயினும் ஏற்றும் யூஎஸ்பி எந்தக் கணினியில் தயாரானது என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வகுப்பு ஒன்றுகூடலின்போது சிஸ்டரை அவர்கள் இப்போதிருக்கும் மடத்தில் போய்ப் பார்த்தோம். பேச்சுவாக்கில் எழுந்துபோய் ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்தார்கள். அதில் எங்கள் முதல் சிடி இருந்தது, மேலே அவர்கள் கையெழுத்தில் 17-1-2009 என்ற தேதியோடு. பக்கத்தில் அந்த உறையும் ஒட்டியபடியே இருந்தது. நடனத்துக்காகக் கொண்டுவந்த நான்கு பாட்டும் இன்னும் அதற்குள்தான் இருக்கின்றன. அந்த ஆண்டு விழாவில் நாங்கள் சிஸ்டர் பொறுக்கித் தந்த ஒரு நாட்டுப்புறப் பாட்டுக்குத்தான் கும்மி அடித்தோம்.